கருவி வைக்காமல் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய முடியுமா?

அம்மாவுக்கு 48 வயது, கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் என்றாலே கூச்சப்பட்டு மறுக்கிறார், இரத்தத்திலோ ஸ்கேனிலோ பார்த்துவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. பெண்கள் நலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "போன மாதம்தான் வயிற்று ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று நிம்மதியாக இருக்கும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன், எனக்குப் பதறும். கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறத் தொடங்குவதை ஸ்கேன் காட்டாது. முழு உடல் பரிசோதனையில் சேர்க்கிறார்களே சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனை, அதுவும் இதற்கானதல்ல.

ஆனால் அம்மா மருத்துவமனையின் பரிசோதனைக் கட்டிலில் ஏறாமலே செய்துகொள்ள நல்ல வழி இருக்கிறது. எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனைக்கான மாதிரியை அவரே எடுத்துக் கொடுக்கலாம். இந்தப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் அந்த வைரஸ்தான் காரணம். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. செல் மாறிவிட்டதா என்று பாப் ஸ்மியர் தேடுகிறது. மாற்றும் வைரஸ் இருக்கிறதா என்று இது பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதையே முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. பெண்களே எடுக்கும் மாதிரியையும் ஏற்றுக்கொண்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அங்கே மாதிரியைச் சுகாதாரப் பணியாளர்கள் எடுத்தார்கள். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால், பெண்ணே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்ததற்கு நிகராகவே கண்டுபிடிக்கிறது.

எடுப்பது எளிது. நீளமான, மெல்லிய பஞ்சுக்குச்சி ஒன்று தருவார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிக் குந்தி உட்கார்ந்தோ, ஒரு காலை முக்காலியில் வைத்தோ, குச்சியைப் பிறப்புறுப்பினுள் இரண்டு அங்குலம் போல மெதுவாகச் செலுத்தி, சுமார் அரை நிமிடம் சுழற்றி, பக்கங்களைத் தொடாமல் எடுத்துக் குழாயில் போட்டு மூட வேண்டும். கர்ப்பப்பை வாயைத் தேடித் தொட வேண்டியதில்லை. "சரியாக எடுத்தேனா?" என்று எல்லோரும் கேட்பார்கள், பெரும்பாலும் சரியாகவே எடுத்திருப்பார்கள். மாதவிடாய் நாட்களில் மட்டும் வேண்டாம்.

சிறுநீரில் பார்க்கும் முறையும் ஆய்வில் இருக்கிறது. இன்றைக்கு நான் பஞ்சுக்குச்சியையே சொல்வேன்.

நெகட்டிவ் என்றால் அடுத்த பரிசோதனை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு போதும். பாசிட்டிவ் வந்தால் என்ன என்பதை மாதிரி எடுப்பதற்கு முன்பே அம்மாவிடம் பேசிவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலான தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைகின்றன. நிலைத்துவிட்டவைகூடப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் சிறு சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். ஆனால் பாசிட்டிவ் வந்தால், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி என்ற பரிசோதனைக்கு அந்தக் கட்டிலில் படுத்தே ஆக வேண்டும். இதை மறைக்காதீர்கள். இந்த வைரஸ் உடலுறவால் பரவுவது என்று தெரிந்ததும் சில வீடுகளில் கணவனையோ மனைவியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அது அநியாயம். பல ஆண்டுகளுக்கு முன்பு தொற்றிய வைரஸ் இன்று தென்படலாம்; அந்த அறிக்கைத் தாளைக் கொண்டு யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது.

இதெல்லாம் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு. உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்கசிவு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் குச்சியை நம்பிக் காத்திருக்காமல் நேரே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஆய்வகத்துக்குப் போன் செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: பி.சி.ஆர். முறையா, தானே எடுத்த மாதிரியை ஏற்பார்களா, 16, 18 வகைகளைத் தனியாகக் குறிப்பிட்டு அறிக்கை தருவார்களா.