வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

கேள்வி: எனக்கு 26 வயது. கோலாலம்பூரில் கணக்கு வேலை. டிசம்பரில் ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக மாராங் போகலாம் என்று இருக்கிறேன். கடலோரச் சிற்றூர், அங்கே எனக்கு யாரையும் தெரியாது. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று எதுவும் முடிவு செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. திட்டமில்லாமல் போவது முட்டாள்தனம் என்கிறாள் அலுவலகத் தோழி. அம்மாவிடம் கேட்டால் விடமாட்டார். அதனால் தோழிகளோடு ஈப்போ போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கிறேன். அண்ணன் மோட்டார் சைக்கிளில் தாய்லாந்து எல்லைவரை போய்வந்தபோது வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செய்வது சரியா?
- பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: தனியாகப் போங்கள். திட்டமில்லாமலும் போங்கள். ஆனால் டிசம்பரில் மாராங் வேண்டாம், ஈப்போ பொய்யும் வேண்டாம்.

உங்கள் தோழி திட்டம் இல்லையே என்று பயப்படுகிறார். நீங்கள் தனியாகப் போவது தெரிந்தால் அம்மா பயப்படுவார். எனக்கு இந்த இரண்டிலும் பெரிய பயம் இல்லை. போகிறபோக்கில் ஈப்போ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கடல்.

மாராங் இருக்கிற கிழக்குக் கரைக்கு வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் வந்து மார்ச் வரை இருக்கும். டிசம்பர் அதன் நடு. மாராங் போகிற பலரும் அங்கிருந்து படகேறிப் போவது காப்பாஸ் தீவுக்கு. அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் தீவு விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மீனவர்களே படகைக் கரையில் ஏற்றிவிட்டு வலை பின்னிக்கொண்டிருக்கிற காலம் அது. 2014 டிசம்பரில் கிழக்குக் கரையில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். சாலைகள் துண்டாகி, நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எல்லா வருடமும் அப்படி ஆகாது. ஆனாலும் ஐந்தே நாள் லீவு வைத்திருக்கிற ஒருவர், திரும்பிவரும் சாலை தண்ணீருக்குள் போய்விடக்கூடிய மாதத்தில் அங்கே போக வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கென்றே கிழக்குக் கரைக்குப் போகிறவர்களும் உண்டு. பகாங்கில் உள்ள செராத்திங்கில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கு அந்த அலைதான் வேண்டும். அவர்கள் கடலைப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் படிப்பு உங்களிடம் இன்னும் இல்லை. திட்டம் போடாமல் போகிறவருக்கு, திட்டம் போட்டவரைவிட ஊர் விவரம் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கோலத்திரெங்கானுவுக்குத் தெற்கே இருப்பது மாராங். வடக்கே மெராங் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. முதலாவது காப்பாஸ் தீவுக்குப் படகேறும் இடம், இரண்டாவது ரெடாங் தீவுக்கு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எழுதினாலும் ஓரெழுத்துதான் வித்தியாசம். இது தெரியாமல் சாயங்காலத்தில் டாக்சி ஏறினால் ஊருக்கு மறுபக்கம் போய் நிற்பீர்கள். அப்புறம், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நம் ஊர்க் கணக்கில் வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கினால் வங்கியும் அரசு அலுவலகமும் மூடியிருக்கும், மதியத் தொழுகை நேரத்தில் கடைகளும் அடைத்துக் கிடக்கும். பையில் ரொக்கம் இருந்தால் இதெல்லாம் ஒன்றுமில்லை.

மாராங்கை ஏப்ரலுக்கோ மே மாதத்துக்கோ எடுத்து வையுங்கள். அப்போது கோலாலம்பூரின் டி.பி.எஸ். பேருந்து நிலையத்தில், அதாவது பண்டார் தாசேக் செலாத்தானில், இரவு பஸ் ஏறினால் ஆறேழு மணி நேரத்தில் கோலத்திரெங்கானு. காலையில் இறங்கியதும் நாசி டாகாங் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, பாசார் பாயாங் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாவகாசமாக மாராங் போகலாம். அங்கே என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.

இந்த டிசம்பருக்கு மேற்குக் கரை இருக்கிறது. லூமுட் போங்கள். பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து படகில் பங்கோர் தீவு, சுமார் அரைமணி நேரம். தீவைச் சுற்றி ஒரே சாலைதான், வழி தவறிப் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். தனியாகப் போகும் முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கிழக்குப் பக்கம் மீனவக் கிராமங்கள், நெத்திலியும் கணவாயும் காயும் வாடை. மேற்குப் பக்கம் குளிக்கிற கடற்கரைகள். தெலுக் நீப்பாவில் சாயங்காலம் இருவாட்சிப் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும். டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் சேமிக்கக் கட்டிய கோட்டை ஒன்று செங்கற்சுவராக நிற்கிறது. பத்திரகாளியம்மன் கோயிலும் அங்கே உண்டு, மாசி மகத்துக்கு நம் ஜனங்கள் தீவு முழுக்க நிறைந்துவிடுவார்கள். மீன் பிடிக்கிற ஊரின் நாள் விடியலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். மதியம் இரண்டு மணிக்கு அங்கே ஒன்றுமே நடக்காது. மணிக்கணக்கில் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அந்த இரண்டு மணியைப் பார்ப்பதே இல்லை, அடுத்த இடத்துக்கு வேனில் போய்க்கொண்டிருப்பார்கள். நீங்கள் கடைவாசலில் ஒரு தே ஓ ஐஸ் வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கலாம். தனியாகப் போவதன் சுகமே அதுதான். நாலு பேராகப் போகும்போது திட்டம் வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். ஒருத்தியாகப் போகும்போது யாரைக் கேட்டுத் திட்டம் போட வேண்டும்?

இப்போது ஈப்போ.

1986-இல் எனக்கு 23 வயது. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு, அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். பங்கோர் போக ஆசைப்பட்டேன். தனியாக என்றால் அப்பா விடமாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன், அவரைக் கேட்கவே இல்லை. ஈப்போவில் நண்பனுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் புடுராயா பஸ் நிலையத்தில் லூமுட் பஸ் ஏறினேன். ஆம், அதே ஈப்போதான். நீங்களும் அந்த ஊரையே சொன்னதைப் பார்த்துத்தான் பேனாவைக் கீழே வைத்தேன். மூன்று நாள் பங்கோரில் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை, அதை இன்றும் மறுக்கமாட்டேன். அந்தத் தீவில் என்னை யாரும் இன்னாருடைய மகன் என்று பார்க்கவில்லை.

நான் போன அன்று இரவே பாட்டி இறந்துவிட்டார். என்னை வளர்த்த பாட்டி. மாமா விடியற்காலையில் ஈப்போவுக்கு ஓடியிருக்கிறார். கல்யாண மண்டபம், கோயில், தெரிந்தவர் வீடு என்று பகல் முழுக்கத் தேடியிருக்கிறார். இல்லாத கல்யாணத்தை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? சாயங்காலம்வரை எனக்காக வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. “எங்கப்பா இருந்தே?” என்று மட்டும் கேட்டார். பங்கோர் என்றேன். “பங்கோர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாமா படகேறி வந்திருப்பாரே” என்றார்.

வந்திருப்பார்தான். ஒரே சாலை உள்ள தீவு அது. ஒரு மணி நேரத்தில் என்னைக் கண்டுபிடித்திருப்பார்.

இன்றைக்குக் கையில் போன் இருக்கிறதே என்று சொல்வீர்கள். போன் இருக்கட்டும். அது தண்ணீரில் விழலாம், பேட்டரி தீரலாம். உங்களுக்கே ஏதாவது நேர்ந்து, நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால்? அம்மா போலீசில் போய் என்ன சொல்வார்? மகள் தோழிகளோடு ஈப்போ போனாள் என்பார். அவர்கள் ஈப்போவில் தேடுவார்கள், நீங்கள் லூமுட்டில் கிடப்பீர்கள். உங்களுக்கு ஒரு ஆபத்து என்றால் ஊரே வராவிட்டாலும் தேடி வரப்போகிறவர் அம்மா. அவர் கையில் தவறான ஊர்ப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பயணத்தில் நான் பார்க்கிற உண்மையான ஆபத்து இது ஒன்றுதான். திட்டம் இல்லாதது இல்லை, பெண்ணாக இருப்பதும் இல்லை.

அண்ணன் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அதை மழுப்ப மாட்டேன். மகன் எல்லைவரை போகலாம், மகள் லூமுட்கூடப் போகக்கூடாது என்பது பாதுகாப்புக் கணக்கு ஆகாது. மோட்டார் சைக்கிளில் எல்லைவரை போன அண்ணனுக்குத்தான் ஆபத்து அதிகம் இருந்தது. இதை அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள். பொய் சொல்லிவிட்டுப் போனால் இந்த நியாயத்தைப் பேசுகிற வாய்ப்பையும் இழந்துவிடுவீர்கள். அடுத்த முறையும் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும், உங்கள் தங்கை இருந்தால் அவளும் அதையே செய்ய வேண்டியிருக்கும்.

அம்மா, நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு 26 வயது. சம்பாதிக்கிறார், வரி கட்டுகிறார். விடமாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அவர் போகாமல் இருக்கப்போவதில்லை. எங்கே போகிறார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். தெரிந்து பயப்படுவதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் நடுவில் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பகலில் நீங்கள் கூப்பிடாதீர்கள்.

மகளுக்கு மீண்டும். முதல் இரவுக்கு மட்டும் அறையை இங்கிருந்தே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களைத் திறந்தே விடுங்கள். பள்ளி விடுமுறையா என்று பாருங்கள், அந்த வாரங்களில் பங்கோரில் அறை கிடைக்காது. வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேருகிற மாதிரி பஸ் எடுங்கள். அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்றால் கூச்சப்படாமல் வேறு அறை கேளுங்கள், கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் தங்கியிருக்கிறீர்கள் என்பதை அம்மாவுக்கு அனுப்புங்கள். முகநூலில் ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். கரையில் சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் தண்ணீரிலும் இறங்காதீர்கள். தீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே படகுத்துறையில் கேட்டுவிடுங்கள், நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அவசர உதவிக்கான 999 எண் உங்களுக்குத் தெரியும்.

பை சின்னதாக இருக்கட்டும். பஸ் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், இன்று இரவே அம்மாவிடம் லூமுட் என்று சொல்லிவிடுங்கள்.