கனவான்கள் என்றால் யார்?

கேள்வி: கோல்ஃப் கனவான்களின் விளையாட்டு. அதில் டாலரைக் கொட்டித் திருவிழாக் கூட்டம் சேர்த்த சிகாகோ டாம் ஓஷாண்டர் கிளப் போட்டி 1957ஓடு நின்றுபோனது நல்லதுதானே?

பதில்: ‘கனவான்’ என்ற அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். யார் சார் கனவான்? வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1934இல் விதி எழுதி, 1961 வரை அதைக் கட்டிக் காத்த பி.ஜி.ஏ.வா, அதாவது அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் சங்கமா? 1948இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் நன்றாக ஆடித் தகுதி பெற்ற டெட் ரோட்ஸையும் பில் ஸ்பில்லரையும், தோல் கறுப்பு என்பதால் அடுத்த வாரம் ரிச்மண்டில் ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வழக்குப் போட்டதும் இனிப் பாகுபாடு கிடையாது என்று வாக்குக் கொடுத்தார்கள். அப்புறம் ‘ஓப்பன்’ போட்டிகளையெல்லாம் ‘இன்விடேஷனல்’ ஆக்கினார்கள், அதாவது அழைப்பு வந்தால்தான் ஆடலாம். அழைப்பு யாருக்கு வராது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாம் ஓஷாண்டர் கிளப்பின் சொந்தக்காரராக இருந்து அந்தப் போட்டியை நடத்திய ஜார்ஜ் மே 1940களிலேயே கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் தன் மைதானத்தைத் திறந்துவிட்டவர். என் கணக்கில் அவர்தான் கனவான்.

பணத்துக்கு வருவோம். 1953இல் யு.எஸ். ஓப்பனை வென்ற பென் ஹோகனுக்குக் கிடைத்தது 5,000 டாலர். அதே ஆண்டு ஜார்ஜ் மே டாம் ஓஷாண்டரில் நடத்திய தன் உலக சாம்பியன்ஷிப்பை வென்றவருக்கு 25,000 கொடுத்தார். அடுத்த ஆண்டு வென்ற பாப் டோஸ்கிக்கு 50,000, அதோடு ஆட்டத்துக்கு ஆயிரம் வீதம் ஐம்பது காட்சி ஆட்டங்கள். உழைத்து ஆடுகிறவன் கை நிறைய வாங்கினால் விளையாட்டு கெட்டுவிடும் என்ற பேச்சை நான் எந்தக் காலத்திலும் ஏற்றதில்லை.

நாடு முழுவதும் டிவியில் காட்டிய முதல் கோல்ஃப் போட்டியும் அந்த 1953 ஆட்டம்தான். சாண்ட்லர் ஹார்ப்பர் ஆட்டத்தை முடித்துவிட்டுக் காத்திருக்கிறார், லூ வொர்ஷம் கடைசிக் குழியை அதற்குக் குறித்த எண்ணிக்கையைவிட ஒரு அடி குறைவாக அடித்து முடித்தால்தான் அவரோடு சமனாவது ஆக முடியும், நூறு கஜத்துக்கு மேலிருந்து வெட்ஜ் மட்டையால் அடித்த பந்து குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் விழுந்து ஓடி நேரே குழிக்குள் போய்விட்டது, ஒரே அடியில் கோப்பை! அதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

இன்னொன்று, இந்தப் பக்கத்தில் நான் பல தடவை சண்டை போட்ட விஷயம்: டிக்கெட் வாங்கி வருகிறவருக்கு யார் ஆடுகிறார் என்று தெரிய வேண்டும். ஆட்டக்காரர்கள் முதுகில் எண் குத்திக்கொள்ளட்டும் என்றார் ஜார்ஜ் மே. மானம் போகிறது என்று கொதித்தார்கள். இன்று பெரிய போட்டிகளில், மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளரான கேடியின் (caddie) முதுகில் ஆட்டக்காரரின் பெயரையே எழுதி வைக்கிறார்கள், யாருடைய மானமும் போகவில்லை.

நின்றது நல்லதா? இல்லவே இல்லை. பி.ஜி.ஏ.வோடு தகராறு முற்றித்தான் ஜார்ஜ் மே கடையைக் கட்டினார். 1962இல் இறந்தும் போனார். சிகாகோவை அடுத்த நைல்ஸில் இருந்த அந்த டாம் ஓஷாண்டர் மைதானத்தின் பெரும்பகுதியில் இப்போது கட்டடங்கள், ஒன்பது குழிகள்தான் மிச்சம்.