கூட்டம் எத்தனை மணிக்கு?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருபவர், தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை.

கேள்வி: எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு எப்போது ஆள் எடுத்தாலும் அதே முகங்கள்தான். மீன் விற்கிற, மூட்டை தூக்குகிற வீட்டுப் பெற்றோர் ஒருவர்கூட இல்லை. கேட்டால், "கூப்பிட்டோம், வரவில்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம், டீச்சர்?
ஒரு வாசகி, காசிமேடு

எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-வது பிரிவு: குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர் என்று வைத்தார்கள். அதில் 15 பேர் பெற்றோர். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். ஆக, பட்டியலில் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாதிப் பெண்களும் பகலில் வீட்டில் இருக்க முடிந்தவர்களாகவே அமைந்துவிட்டால், வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அங்கே யார் பேசுவது?

காசிமேட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. விடியுமுன் துறைமுகத்தில் ஏலம். மீன் எடுத்து, ஐஸ் போட்டு, தெருவில் உட்கார்ந்து விற்றுவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். காலை பத்தரைக்குக் கூட்டம் என்றால் அன்றைய வருமானத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமை மீன் வாங்குவோர் குறைவு, அன்று மாலை நான்கு மணி என்றால் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி திறந்ததும் ஜூன் முதல் பாதியில் கூட்டம் போட்டால் அப்பாக்களும் கிடைப்பார்கள்.

அப்புறம், பிள்ளையின் பையில் நோட்டீஸ் கொடுத்தனுப்புவது அழைப்பாகாது. படிக்கத் தெரியாத அம்மா அதைப் பார்த்ததும், ஏதோ பணம் கட்டச் சொல்கிறார்கள் போல என்று பயந்துவிடுவார். ஏற்கெனவே குழுவில் இருக்கும் ஓர் அம்மா அதே தெருவில் வீடு வீடாகப் போய், "வாக்கா, நான் பக்கத்தில உட்கார்ந்துக்கிறேன்" என்று கூப்பிட்டால்தான் வருவார்கள். நான் பணியில் இருந்தபோது அப்படித்தான் செய்தோம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், நடக்க முடியாத ஒரு பையனின் அம்மா. வீட்டு வேலை செய்பவர். முதல் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அடுத்த முறை, "சாய்தளம் போட்டிருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா பாத்ரூம் வாசல்ல ஒரு படி இருக்கே, எம் புள்ள எப்படிப் போவான்? தண்ணியே குடிக்காம வர்றான்" என்றார். நாங்கள் எல்லோரும் தினமும் தாண்டிப் போகிற படி அது. அங்கேயே தீர்மானம் எழுதினோம். கொத்தனாராக இருந்த ஓர் அப்பா அந்த வாரமே படியைச் சரிவாக்கிக் கொடுத்தார். அந்த அம்மா குழுவில் இல்லாவிட்டால் அந்தப் பையன் படிப்பு முடியும்வரை தாகத்தோடு உட்கார்ந்திருப்பான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. தேவை உள்ளவர் உள்ளே இல்லாமல் எந்தத் திட்டத்தைத் தயாரிப்பது?

கேள்வி: எங்கள் பள்ளியில் பீகார், ஒடிசா தொழிலாளர் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். தமிழ் தெரியாத பெற்றோரை எப்படி உறுப்பினராக்குவது?
ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பெற்றோராக இருந்தால் போதும். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிற பிள்ளைகளை வடசென்னைப் பள்ளிகள் எத்தனையோ தலைமுறையாகப் படிக்கவைத்து வருகின்றன. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள், பேசியதை உடனுக்குடன் சொல்லட்டும். அந்த வேலையை வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யவைக்காதீர்கள். தன் ஆசிரியரைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கும் நிலைக்கு எந்தக் குழந்தையையும் தள்ளக் கூடாது.

கேள்வி: குழுவில் நான் உறுப்பினர். ஆனால் என் வீட்டுக்காரர்தான் போய்க் கையெழுத்துப் போடுகிறார். தவறா?
ஒரு வாசகி, வியாசர்பாடி

தவறுதான் அம்மா. இடம் உங்களுடையது, அவருடையது அல்ல. தலைமையாசிரியரிடம், "இனி நானே வருகிறேன்" என்று நேரில் சொல்லிவிடுங்கள். போகும்போது ஒன்று கவனியுங்கள்: தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுதாத பக்கத்தின் அடியில் மட்டும் போடவே போடாதீர்கள்.