இரண்டு உதடும் ஒரே அளவு என்று சொன்ன அந்தக் கிளினிக்

தங்கச்சி, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கில் வாயருகே அடிமட்டத்தைப் பிடித்துப் பார்த்து, இரண்டு உதடும் ஒரே அளவு, மேலுதட்டுக்குக் கீழுதடு 1:1.6 வரவேண்டும், கீழுதட்டில் ஃபில்லர் (உதட்டைப் பருக்கவைக்கும் ஊசி) போடுவோம் என்றார்களாம், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகங்களை வைத்து வந்தது. 2017இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு 1:2தான் அழகு என்றது, ஆனால் அதில் காட்டியதே வெள்ளைக்காரப் பெண்களின் முகங்கள்தான். கறுப்பினப் பெண்களுக்கு 1:1 இயல்பு என்று சர்ஜன்மாரே சொல்வார்கள். மூக்கு நுனியிலிருந்து நாடிக்குக் கோடு இழுத்து உதடு அதற்குள் நிற்கவேண்டும் என்பதும் இதே கதை, நம் ஆக்களில் பலருக்கு அது கோட்டைத் தொடும், சிலருக்குத் தாண்டும், அதில் என்ன குறை?

நானும் ஒருமுறை ஏமாந்து 1 மில்லி போட்டேன், கீழுதடு பருத்து, பிளேன்டீ குடித்தால் கப் விளிம்பு பிடிபடாமல் நாடியில் வழியும். கடைசியில் ஹயலுரோனிடேஸ் ஊசியால் கரைத்தேன்.

சரி, போடத்தான் வேண்டுமென்றால் ஹயலுரோனிக் அசிட் ஃபில்லர்தானா என்று கேளுங்கள், அந்த ஊசி அதைத்தான் கரைக்கும். அப்புறம் நம்மைப் போன்ற உதடுள்ளவர்களுக்குச் செய்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக்கார மொடலைக் காட்டினால் பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு இறங்கிவிடுங்கள்.