கேட்டதும் சொன்னதும்: நீதியரசரும் அவர் வீட்டம்மாவும்

போன இதழில், கலியாண வாழ்க்கையைப் பற்றி நல்ல பழைய படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்ட வாசகிக்கு 1950-ல் வந்த 'த மக்னிஃபிசன்ட் யாங்கி'யைச் சொல்லியிருந்தேன். அமெரிக்க நீதியரசர் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸும் அவர் மனைவி ஃபனியும் சேர்ந்து வாழ்ந்த கதை. அதைத் தேடிப் பார்த்துவிட்டுத் திருகோணமலையில் இருந்தே இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான்.

கேள்வி: நானும் இவரும் சேர்ந்துதான் பார்த்தோம் அக்கா. இவர் முப்பது வருடம் சட்டத்தரணியாக இருந்து ஓய்வெடுத்தவர். இது ஒரு நீதிபதியின் படம் என்கிறார். நான் இது அந்த மனுசியின் படம் என்கிறேன். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. யார் சொல்வது சரி?
- வாசகி, உப்புவெளி

பதில்: நான் உங்கள் பக்கம். ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் படத்தின் வேர் அவருடைய ஆட்களிடம்தான் இருக்கிறது. ஹோம்ஸிடம் ஒரு வருடம் செயலாளராக வேலை செய்த பிரான்சிஸ் பிடில் 1942-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை வைத்து எமெட் லேவரி நாடகம் எழுதி, அது 1946-ல் நியூயோர்க்கில் மேடையேறியது. மேடையில் ஹோம்ஸாக நடித்த லூயிஸ் கல்ஹேர்னையே வைத்து ஜோன் ஸ்டேர்ஜஸ் படமாக எடுத்தார். கல்ஹேர்னுக்கு ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

ஆனால் அந்த நாடகத்தின் நாடி முழுக்க வீட்டுக்குள்தான் துடிக்கிறது. 1902-ல் 61 வயதில் ஹோம்ஸ் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு (இந்தியப் புத்தகங்களில் 'உச்ச நீதிமன்றம்' என்பார்கள்) நியமனமாகி வொஷிங்டனுக்கு வருகிறாரே, அங்கேதான் படம் தொடங்குகிறது. அப்போதே அவர்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம். ஃபனி அவர் படித்த பள்ளிக்கூடத்து அதிபரின் மகள், 1872-ல் மணமுடித்தவர்கள், மணமான சில வாரத்தில் வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் கடந்து வந்த இரண்டு பேர், ஒருவர் வாயைத் திறக்கு முன்னே மற்றவருக்குப் பதில் தெரிந்த இரண்டு பேர்தான் திரையில் நிற்கிறார்கள். ஆன் ஹார்டிங் அந்த மனுசியாக ஒரு அறைக்குள் வந்தாலே அவர் அடங்கிப் போகிறார், பாருங்கள். 80-வது பிறந்தநாளுக்குப் பழைய செயலாளர்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியாமல் ஃபனி வீட்டுக்குள் வரவைக்கிறாரே, அது கதைக்காகச் சேர்த்ததில்லை, நிஜத்திலும் நடந்தது. பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் ஹார்வர்டில் இருந்து ஒரு பிள்ளை வந்து போனது போலத்தான் அந்தச் செயலாளர்கள்.

நான் உங்கள் பக்கம் நிற்க இன்னொரு காரணமும் உண்டு. ஃபனி நூலால் ஓவியம் செய்தவர். பட்டு நூலில் இயற்கைக் காட்சிகளைத் தைத்து, 1880-களின் தொடக்கத்தில் பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் காட்சிக்கு வைத்தார்கள், பாராட்டி எழுதினார்கள். பிறகு அதை விட்டுவிட்டார். செய்ததில் பெரும்பகுதியைத் தன் கையாலேயே அழித்தும் விட்டார். என் அம்மா தைத்த தட்டுத்துணி ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. குறுக்குத் தையலில் மயில். முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். திருப்பிப் பார்த்தால் ஒரு முடிச்சுக்கூடத் துருத்தி நிற்காது, ஒவ்வொரு நூல் முனையையும் இன்னொரு தையலுக்கு அடியில் செருகி மறைத்திருப்பார். கழுத்துப் பக்கத்தில் மட்டும் நீலம் தீர்ந்துபோய்க் கொஞ்சம் வெளிறின நீலத்தில் முடித்திருக்கிறார். அந்த ஒரு துணி இல்லாவிட்டால் அம்மாவுக்கு அப்படி ஒரு கை இருந்தது என்று என் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஃபனியைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்கள், அதிலும் முக்கியமாகப் புருசன், எழுதி வைத்ததுதான். அதனால்தான் இந்தப் படம் அவருக்கு வாய் கொடுத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: படத்தில் ஹோம்ஸ் மற்ற நீதிபதிகளோடு ஒத்துப் போகாமல் தனியாகத் தீர்ப்பு எழுதுகிறவர் என்று புகழ்கிறார்கள். பெரும்பான்மை சொன்னதுதானே சட்டம்? தோற்ற பக்கத்தில் நின்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்?
- வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, உங்கள் ஊரில் பாண் போறணை வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரியுமா? இரவு பத்து மணிக்கு மா பிசையத் தொடங்கினால் விடிய முதல் வண்டி போகும் வரை அந்தச் சூட்டுக்குள்தான் நிற்க வேண்டும். 1905-ல் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு முன்னால் வந்ததும் இதே ஆட்களின் விசயம்தான். பேக்கரித் தொழிலாளியை நாளைக்கு 10 மணித்தியாலம், கிழமைக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று நியூயோர்க் மாநிலம் சட்டம் போட்டது. முதலாளியும் தொழிலாளியும் தாங்களாகப் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு கைவைக்கக்கூடாது என்று சொல்லி ஐந்துக்கு நான்கு என்று அந்தச் சட்டத்தை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. ஹோம்ஸ் மறுத்து எழுதினார், அதுவும் மிகச் சுருக்கமாக. ஏதோ ஒரு பொருளாதாரக் கொள்கையை நாட்டின் மீது சுமத்துவதற்காக அரசியலமைப்பு எழுதப்படவில்லை, உங்களுக்குப் பிடிக்காத சட்டம் என்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது என்பதுதான் அதன் சாரம்.

அன்றைக்கு அது தோற்ற பக்கம். ஆனால் 1937-ல் அதே நீதிமன்றம் அந்தப் போக்கையே கைவிட்டது. ஹோம்ஸ் இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு! 1919-ல் துண்டுப்பிரசுரம் போட்டவர்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை கொடுத்த வழக்கிலும் அப்படித்தான். கருத்துகள் சந்தையில் மோதிக்கொள்ளட்டும், அங்கே எது நிலைக்கிறதோ அதுதான் உண்மைக்குச் சோதனை என்ற பொருள்பட அவர் எழுதியதைப் பின்னால் வந்த நீதிபதிகள் எடுத்து ஆண்டார்கள். அந்தத் தீர்ப்பில் அவரோடு சேர்ந்து நின்றவர் படத்திலும் வருகிற சக நீதியரசர் பிராண்டைஸ். அதனால் தோற்ற பக்கத்தில் எழுதியதும் வீண் போகவில்லை தம்பி. அந்தந்த மனிதர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தாரா என்பதுதான் எனக்கு எப்போதும் மனதைக் குடைகிற கேள்வி.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். எங்களுக்கு கெரி பக் வழக்கு படிப்பித்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவரை ஒரு காதல் படத்தின் நாயகனாக எப்படிப் பரிந்துரைத்தீர்கள்? எனக்குக் கோபமாக இருந்தது.
- மாணவி, நிலாவெளி

பதில்: உங்கள் கோபம் நியாயம் பிள்ளை. போன இதழிலேயே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கெரி பக் வேர்ஜினியாவைச் சேர்ந்த ஏழைப் பெண். வளர்ப்பு வீட்டில் இருந்தபோது, 17 வயதில், அந்த வீட்டாரின் உறவுக்காரன் ஒருவனால் கெடுக்கப்பட்டுக் கர்ப்பமானாள். அந்த அவமானத்தை மறைக்க அவளை 'புத்தி குறைந்தவள்' என்று சொல்லி ஒரு இல்லத்தில் தள்ளினார்கள். அவளுடைய தாயும் அதே இல்லத்தில் இருந்தாள். இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1924-ல் வேர்ஜினியா போட்ட சட்டத்தைச் சோதித்துப் பார்க்க இவளைத்தான் பிடித்தார்கள். அவளுக்காக வாதாடிய சட்டத்தரணியே அந்த இல்லத்தின் பழைய நிர்வாகிகளில் ஒருவர். 1927-ல் எட்டுக்கு ஒன்று என்று உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. எழுதியவர் ஹோம்ஸ். "மூன்று தலைமுறை மூளைகெட்டவர்கள் போதும்" என்று எழுதினார். பிராண்டைஸும் அதில் கையெழுத்து வைத்தவர். ஒன்பது பேரில் வேறொருவர் மட்டும்தான் மறுத்தார், அவரும் காரணம் எதுவும் எழுதவில்லை.

அவர் சொன்ன மூன்றாவது தலைமுறை யார் தெரியுமா? கெரியின் மகள் விவியன், அப்போது மூன்று வயதுப் பிள்ளை. பிறகு பள்ளிக்கூடம் போய் நல்ல புள்ளிகள் வாங்கினாள், கெட்டிக்காரப் பிள்ளைகளின் பட்டியலிலும் பெயர் வந்தது, எட்டு வயதில் நோயில் இறந்து போனாள். இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்களின் மொத்தத் தொகை 60,000-க்கும் மேலே போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பேர்க்கில் நாஸி வைத்தியர்கள் மேல் நடந்த வழக்கில், அவர்கள் தரப்பினர் இதே தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள்.

பேக்கரித் தொழிலாளிக்காக எழுதிய அதே கை. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சட்டமன்றம் போட்ட சட்டத்தை நீதிபதி தன் விருப்பு வெறுப்புக்காக வெட்டக்கூடாது என்ற ஒரே கொள்கைதான் இரண்டு இடத்திலும் வேலை செய்தது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தக் கொள்கைக்கு அந்த வசனம் தேவைப்படவே இல்லை. அவர் அந்தப் பிள்ளையை ஒரு ஆளாகப் பார்க்கவில்லை, அதுதான். வீட்டில் ஒரு மனுசியின் முகம் வாடினால் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குக் கடதாசியில் இருந்த இன்னொரு பெண்ணின் முகம் தெரியவில்லை. படம் அவரைக் கொண்டாடுவதற்காக எடுத்தது, இந்த வழக்கைத் தேடி அங்கே போகாதீர்கள். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள் என்றுதான் இனிமேல் சொல்வேன்.

கேள்வி: நம் நாட்டில் உயர் நீதிமன்ற நீதியரசருக்கு 65 வயதில் ஓய்வு. இவர் எப்படி 90 வயது வரை இருந்தார்?
- வாசகர், மூதூர்

பதில்: அங்கே வயது எல்லை இல்லை, நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவி. 1932 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஹியூஸ் வீட்டுக்கு வந்து, சக நீதியரசர்களின் விருப்பத்தை மெதுவாக எடுத்துச் சொன்னார். ஹோம்ஸ் சண்டை பிடிக்கவில்லை, உடனே விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்தார்.

கேள்வி: ஃபனி இறந்த பிறகு அவர் நிஜத்தில் எப்படி இருந்தார்? படம் முடிந்தும் அதே யோசனை. என் கணவர் போய் இது நாலாவது வருடம்.
- வாசகி, சாம்பல்தீவு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முற்றத்தில் இருந்தேன்.

ஃபனி 1929 ஏப்ரல் 30-ல் இறந்தார். 57 வருடத் தாம்பத்தியம் நிறைவதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர் பொலக்குக்கு எழுதிய கடிதத்தில், அறுபது வருடம் அவள் என் வாழ்க்கையைக் கவிதையாக்கினாள் என்று எழுதினார். அவரும் முழுக்கக் குறையற்ற கணவர் இல்லை. 1896-ல் அயர்லாந்து போனபோது ஒரு சீமாட்டியோடு நெருங்கி, கடல் கடந்து காதல் ததும்பக் கடிதம் எழுதினவர்தான். அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஃபனி என்ன நினைத்தார் என்று சொல்லும் கடிதம்தான் இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூன்று முறை காயப்பட்ட போர்வீரர் என்பதால் ஆர்லிங்டன் மயானத்தில் அவருக்கு இடம் இருந்தது, அங்கே மனைவியை அடக்கம் செய்தார். தன் பெயரும் வரப்போகிற கல்லைத் தானே சொல்லி வைத்தார். வாகனத்தில் அடிக்கடி அங்கே போய் வருவார். பிறகும் இரண்டரை வருடத்துக்கு மேலே நீதிமன்றத்துக்குப் போனார், தீர்ப்பு எழுதினார். செயலாளர்கள் மாலையில் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். 1933 மார்ச் 8, அவருடைய 92-வது பிறந்தநாளில், பதவியேற்று நான்கே நாளான ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வீடு தேடி வந்தார். படம் அதோடு நிற்கிறது. இன்னும் இரண்டு வருடம் இருந்து, 94 நிறைய இரண்டு நாள் இருக்கும்போது கண்ணை மூடினார்.

பிறகு அலுமாரியைத் திறந்தவர்கள் அவருடைய பழைய போர்ச் சீருடையைக் கண்டார்கள். அதில் ஒரு துண்டுக் கடதாசி குத்தியிருந்தது. உள்நாட்டுப் போரில் நான் உடுத்தவை இவை, இதில் இருக்கும் கறை என் இரத்தம் என்று அவர் கையெழுத்து.

உங்களவருடைய சேட்டு ஒன்றை இன்னும் கழுவாமல் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வைத்திருங்கள் அம்மா. யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.