வெப்ராளம்

வணக்கம்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் தேர்வு பயம் பற்றி நாங்கள் மூன்று பேர் செய்த ஆய்வுக்கு 3 லட்சம் ரூபாய் பரிசு கிடைத்திருக்கிறது. அதை உளவியலை மக்களிடம் கொண்டுசெல்லச் செலவிட விரும்புகிறோம். நாகர்கோவிலில் இரண்டு நாள் கண்காட்சி, ஒரு யூடியூப் சேனல், பள்ளிகளுக்குக் கையேடு என்று யோசனை. இங்கே மக்கள் இன்னும் மந்திரவாதியிடம்தான் ஓடுகிறார்கள். இந்த மூடநம்பிக்கையை உடைக்க எது நல்ல வழி? உளவியலாளர் டேனியல் கானமனுக்கு நோபல் கொடுத்த பிறகும் நம் ஆட்கள் உளவியலை ஓர் அறிவியலாக மதிக்காதது ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஊருக்கென்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த மனசுக்காகத்தான் இன்றே பதில் எழுதுகிறேன்.

கானமன் 2002இல் பெற்றது பொருளியலுக்கான பரிசு. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை, விடுங்கள். யூடியூப் நடத்த உங்கள் கைபேசியே போதும். கண்காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம். பந்தல், ஃப்ளெக்ஸ், மைக்செட், பொன்னாடை என்று பாதிப் பணம் போய்விடும். மீதி, வந்தவர்களுக்குச் சாப்பாடு.

‘மூடநம்பிக்கை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மந்திரவாதியிடம் ஏன் போகிறார்கள் என்று போனவர் ஒருவரிடமாவது உட்கார்ந்து கேட்டீர்களா?

என் பெரியம்மா போனாள். திருவட்டாறு பக்கம் வீடு. ஒருநாள் உலர்ந்த ரப்பர் ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே திண்ணையில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன. “வெப்ராளமா வருகு மக்கா, நான் சாவப்போறேன்” என்றாள். நெஞ்சு படபடத்துப் பதறுவதற்கு எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்றுதான் பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், “ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க” என்றார். பஸ்ஸில் வரும்போது “ஒண்ணுமில்லியாம்” என்று இரண்டு தடவை சொன்னாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது அந்தக் குரல். அதற்குப் பிறகுதான் மந்திரவாதி. அவன் “ஒனக்கு ஒண்ணு இருக்கு” என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கயிறு கட்டியும் வெப்ராளம் நிற்கவில்லை. பஸ் ஏறுவதை விட்டாள், பிறகு சந்தைக்குப் போவதை விட்டாள், கல்யாண வீடுகளை விட்டாள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு நர்ஸ் அக்கா பக்கத்து வீட்டுக்கு வராமலிருந்தால் திண்ணையோடு முடிந்திருப்பாள். அந்த அக்கா ஒருநாள் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பத்து வாளி தண்ணீர் கோரச் சொன்னார். மூச்சு இரைத்தது. அவள் கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்து, “துடிக்குதா?” என்றார்.

“துடிக்காதா பின்ன? தண்ணி கோரினேம்லா.”

“பயமா இருக்கா?”

“இதுக்கு எதுக்குப் பயப்படணும்?”

“வெப்ராளம் வரும்பமும் இதே துடிப்புதான். ஒடம்பு ஓடாமலே ஓடுது. சாவப்போறேன்னு நீங்க நெனைக்க நெனைக்க அது இன்னும் ஓடும். சும்மா இருந்தா தானா எறங்கும்.”

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் அடுத்த ஓணத்துக்குத் தனியாக பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போனாள்.

1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இதைத்தான் கட்டுரையாக எழுதினார். சாதாரண உடல் துடிப்பை மரணமென்று தவறாகப் படிப்பதால் பயம் ஏறுகிறது, பயத்தால் துடிப்பு ஏறுகிறது என்பது அவர் விளக்கம். அவர் முறையில் இந்த விளக்கத்திலிருந்துதான் சிகிச்சையே தொடங்குகிறது. வானியலில் கிரகணத்தை எவ்வளவு விளக்கினாலும் கிரகணம் மாறாது. உங்கள் துறையில் விளக்கினாலே நோவு குறைகிறது. அப்படியானால் எந்தச் சொல்லால் விளக்குகிறீர்கள் என்பது எவ்வளவு முக்கியம்! உங்கள் கையேட்டில் ‘பதற்றக் கோளாறு’ என்று போடப்போகிறீர்கள். என் பெரியம்மா அதை வாசித்திருந்தால் வேறு யாருக்கோ வந்த சீக்கு என்று தாண்டிப் போயிருப்பாள். அவளுடையது வெப்ராளம்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வளாகத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அங்கே நோய்க்குப் பெயர் ‘குஃபுங்கிசிசா’. ஷோனா மொழியில், அளவுக்கு மீறி நினைத்து நினைத்துக் கிடப்பது. ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். 2016இல் வந்த ஆய்வு முடிவுகளில் பலன் தெளிவாகவே தெரிந்தது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவும் உள்ளூர்க்காரர்களைப் பழக்கித்தான் ஆலோசகர்களாக்கியது. உளவியலை மக்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக நின்று பேசியது 1969இல்.

ஆகவே கையேடு அச்சடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். முதல் ஒரு வருடம் இரண்டு பெண்களுக்குச் சம்பளமும் பஸ் காசும் கொடுங்கள். கடற்கரையில் தூத்தூர் பக்கம் போகட்டும். 2017 ஒக்கிப் புயலில் கடலோடு போனவர்களின் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அங்கே உண்டு. ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறவள் தன் நிலைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று கேட்டு எழுதி வரட்டும். மலையோரத்தில் ஒரு சொல் இருக்கும், கடற்கரையில் வேறொன்று இருக்கும். நோட்டு நிறையட்டும். எதையும் திருத்தாதீர்கள், செந்தமிழாக்காதீர்கள்.

தேர்வு பயம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, தெரியும். பிள்ளைகளுக்கும் அதற்கு ஒரு சொல் இருக்கும். அவர்களிடமே கேளுங்கள்.

பெரியம்மா இப்போது இல்லை. நர்ஸ் அக்கா இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது, முட்டுவலி. உங்கள் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்க வருவீர்களா என்று கேட்டுவிட்டேன். ஆட்டோ வைத்தால் வருகிறேன் என்றார். கணக்கில் முதல் வரியாக அந்த ஆட்டோ வாடகையை எழுதுங்கள்.