கால்வாய்க் கரைப் பாதையில் விளக்கும் மணியும்: கொண்டாவில் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, லண்டன் அல்பேர்ட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்து, பார்க் றோயலில் உள்ள களஞ்சியத்துக்கு மாலை வேலைக்காகக் கிராண்ட் யூனியன் கால்வாயின் கரைப் பாதையால் சைக்கிளில் போய் வருவதாக எழுதியிருந்தீர். புதிதாகப் பூட்டிய பலத்த விளக்கைக் கண்டு, நாயோடு எதிரே நடந்து வந்த முதியவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சத்தம் போட்டதையும், மணியடித்தபோது முன்னால் போன பெண் திரும்பி முறைத்ததையும் சொல்லி, “விளக்கில்லாமல் ஓடினால்தானே குற்றம், விளக்கோடு ஓடினாலும் ஏசுகிறார்களே, எங்கள் நிறத்தைப் பார்த்தா?” என்று கேட்டிருந்தீர்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நிறத்தைப் பார்த்து நடத்துகிறவர்கள் இந்த நாட்டில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல வருடங்களாக இங்கே வாழ்கிற எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீர் எழுதிய இரண்டு சம்பவங்களும் அந்த வகையைச் சேர்ந்தவையாக எனக்குத் தெரியவில்லை. கால்வாய்க் கரையில் நடப்பவர்கள் சைக்கிள்காரர்களோடு இந்த இரண்டு விடயங்களுக்காகவே ஓயாமல் மனக்கசப்புப் படுகிறார்கள். அவர்களிடம் ஏச்சு வாங்குகிறவர்களில் எல்லா நிறத்தவரும் இருக்கிறார்கள். ஆகையால் அந்த முதியவர் சொன்னதை மனதில் காயமாக வைத்துக்கொள்ளாமல், அவர் எதைக் கண்டு அஞ்சினார் என்று பார்ப்போம்.

நீர் தினமும் போகும் அந்தக் கால்வாய்ப் பகுதி 1801ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கரையில் உள்ள பாதை, படகுகளைக் கயிற்றால் இழுத்துச் சென்ற குதிரைகள் நடப்பதற்காக அமைக்கப்பட்டது. இன்று அதைப் பராமரிப்பது ‘கனால் அன்ட் றிவர் ட்ரஸ்ட்’ என்னும் அறக்கட்டளை. சைக்கிளுக்கு அங்கே இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் முன்னுரிமை நடப்பவருக்கே என்று அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் வீதி விதிக்கோவையான ‘ஹைவே கோட்’ 2022 ஜனவரி 29 முதல் திருத்தப்பட்டபோதும் இதே எண்ணமே முன்னுக்கு வந்தது: யாரால் மற்றவருக்குக் கூடிய தீங்கு நேரக்கூடுமோ அவருக்கே கூடிய பொறுப்பு. லொறிக்காரர் கார்க்காரரை நினைக்க வேண்டும், கார்க்காரர் சைக்கிள்காரரை நினைக்க வேண்டும், சைக்கிள்காரர் நடப்பவரை நினைக்க வேண்டும். நடப்பவரும் சைக்கிளும் பகிர்ந்துகொள்ளும் பாதையில் சைக்கிள்தான் வழிவிட வேண்டும். ஈலிங் வீதியில் போகும்வரை நீர் லொறிக்கு ஒதுங்கிப் போகிற பலவீனமானவர். கரைப் பாதையில் இறங்கிய கணத்திலிருந்து அங்கே நீர்தான் லொறி. இந்த ஒன்றை மனதில் ஏற்றிக்கொண்டால் மணிக்கும் விளக்கிற்கும் உரிய விதிகள் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

மணியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மணி ஒரு பேச்சு. ஒழுங்கையின் முடக்கில், இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து நிற்க, எதிரே யார் வருகிறார் என்று தெரியாத இடத்தில் ‘கிணிங்’ என்று அடித்துவிட்டுத் திரும்புவோம்; பலாலி வீதியில் முன்னே போகிறவருக்குப் பின்னால் அடிப்போம்; தெரிந்தவரைக் கண்டால் மறிப்பதற்குக்கூட அடிப்போம். எவரும் கோபிப்பதில்லை. இங்கே ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டு மீற்றரில் அடிக்கும் மணி, ‘விலத்து’ என்று கட்டளையிடுவதாகவே அவர் காதில் விழுகிறது. திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சைக்கிளுக்குக் குறுக்கே காலை வைத்து விடுவார்கள். இன்னொரு பக்கம் தண்ணீர். ஆகையால் பதினைந்து, இருபது மீற்றர் தூரத்திலேயே மெதுவாக ஒரு தரமோ இரண்டு தரமோ அடியும். அடித்த உடனே வேகத்தையும் குறையும், ஏனென்றால் மணியைக் கேட்டபின்னும் வேகம் குறையாமல் வருகிறவரைத்தான் அவர்கள் வெறுக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து ஒதுங்கும்வரை பின்னால் பொறுத்திரும். பிறகு நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடிய வேகத்தில், முழங்கை படாத அளவு இடைவெளி விட்டு விலத்தி, போகும்போது ‘தாங்க் யூ’ என்று வாயால் சொல்லும். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ முறைப்புகள் தவிர்க்கப்படுகின்றன.

மணியடித்தும் அசையாதவர் இருந்தால், அவர் வேண்டுமென்று நிற்கிறார் என்று எண்ணவே கூடாது. காதில் இயர்போன் மாட்டி இருக்கலாம், காது கேட்காதவராக இருக்கலாம். வெள்ளைக் கோல் வைத்திருப்பவரை எங்கள் ஊரிலும் அறிவோம். இங்கே அந்தக் கோலில் சிவப்பு வளையங்களும் இருந்தால், அவருக்குப் பார்வையோடு செவிப்புலனும் குறைவு என்று அர்த்தம். அவருக்கு உம்முடைய மணியும் விளக்கும் இரண்டுமே இல்லை. அப்படிப்பட்டவரைக் கண்டால் இறங்கி நடப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. நாயோடு வருகிறவரிடம் நீளும் கயிறு இருக்கும். நாய் ஒரு கரையிலும் ஆள் மறு கரையிலும் நிற்க, நடுவே மெல்லிய நூல் போல ஒரு கயிறு பாதைக்குக் குறுக்கே கிடப்பது இருட்டில் தெரியவே தெரியாது. நாயைக் கண்டால் கயிற்றைக் கண்டதாக நினைத்துப் பிறேக்கைப் பிடியும்.

பாலங்களுக்குக் கீழே மட்டும் எங்கள் ஒழுங்கைப் பழக்கம் அப்படியே செல்லும். கால்வாய்ப் பாலங்களின் கீழ்ப் பாதை ஒடுங்கி வளையும். மறுபக்கத்தில் வருகிறவர் தெரியமாட்டார். முடக்குக்கு முன்னமே மணியடித்து, நின்றுவிடக்கூடிய வேகத்துக்கு இறங்கி, உள்ளே யாராவது இருந்தால் அவர் வெளியே வரும்வரை காத்திருந்து போகவேண்டும். அங்கே மணியடித்ததற்காக எவரும் முறைக்க மாட்டார்கள்.

விளக்கு விடயத்தில் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 1989ஆம் ஆண்டின் வாகன விளக்கு விதிகளின்படி, சூரியன் மறைந்ததில் இருந்து உதிக்கும்வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். 1985 ஒக்டோபர் 1க்குப் பின் செய்யப்பட்ட சைக்கிளானால் மிதிகட்டைகளில் செம்மஞ்சள் பிரதிபலிப்பான்களும் வேண்டும். மின்னி மின்னி எரியும் விளக்கை 2005 முதல் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் இதே விதிகளுக்குள்ளேயே, விளக்கு மற்றவர் கண்ணைக் கூசச் செய்யும்படி எரியக் கூடாது என்பதும் அடக்கம். ‘விளக்கோடு ஓடினாலும் ஏசுகிறார்களே’ என்ற உம்முடைய கேள்விக்கு இதுவே பதில். விளக்கில்லாதது எப்படிப் பிழையோ, அடுத்தவரைக் குருடாக்கும் விளக்கும் அப்படியே பிழை.

எங்களுக்கு இது உடனே விளங்காததற்கு ஒரு காரணம் உண்டு என்று நான் நினைக்கிறேன். எங்கள் ஊரில் வெளிச்சம் என்றைக்கும் பற்றாக்குறைதான். டைனமோ விளக்கு மிதிக்க மிதிக்கப் பிரகாசிக்கும், சந்தியில் நின்றால் அணைந்துவிடும். 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள் என்றிருந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி அந்த டைனமோவிலேயே வானொலிச் செய்தி கேட்டதை உம்முடைய அப்பாவைக் கேட்டால் சொல்வார். அப்படி வெளிச்சத்துக்கு ஏங்கிய எங்கள் மனதுக்கு ‘கூடிய வெளிச்சம் நல்லது’ என்று தோன்றுவது இயல்பு. இங்கேயோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லுமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று எழுதிய விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, ஆளில்லாத காட்டுப் பாதையில் மலைச் சைக்கிள் ஓடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை; வெளிச்சத்தை வட்டமாக நாலாபுறமும் வீசுபவை. தரைக்குப் போகும் அளவு வெளிச்சம் எதிரே வருகிறவரின் முகத்துக்கும் போகும்.

இருட்டில் நடக்கிறவரின் கண் முழுமையாக இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் எடுக்கும். உம்முடைய விளக்கு ஒரு தரம் நேராகப் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். நீர் தாண்டிப் போன பின்னும் சில செக்கன்களுக்கு அவர் கண்முன் இருட்டைத் தவிர ஒன்றும் இராது. வயது கூடக் கூட அந்த நேரமும் நீளும். கால்வாய்க் கரையில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. படகு கட்டிய கயிறுகளும் இரும்பு முளைகளும் கரையோரத்தில் இருக்கும். அந்த முதியவர் ஒரு கையில் நாயைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், தண்ணீருக்குப் பக்கத்தில் அடுத்த அடியை வைக்கவேண்டி இருந்தது. அந்தப் பயத்தில்தான் சத்தம் போட்டிருப்பார்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் விளக்கின் தலையைக் கீழே சாயும். வீட்டுக்குப் பக்கத்தில் இருட்டான சுவர் ஒன்றுக்கு முன்னால், சில மீற்றர் தள்ளிச் சைக்கிளை நிறுத்திப் பாரும். வெளிச்சத்தின் மிகப் பிரகாசமான பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தை விடத் தாழ்வாகவே சுவரில் விழ வேண்டும். ஓடும்போது அது உமக்கு முன்னால் ஆறு ஏழு மீற்றரில் தரையைத் தொட்டால் போதும். அடுத்ததாக, அளவைக் குறையும்: நிதானமாக ஓடுகிறவருக்கு நூறு, இருநூறு லுமென் அந்தப் பாதையில் தாராளமாகக் காணும். உம்முடைய விளக்கில் மூன்று நான்கு அளவுகள் இருக்கும். மிகக் குறைந்ததில் தொடங்கிப் பாரும். எதிரே ஆள் வருவது தெரிந்தால், சற்றுநேரம் உள்ளங்கையை விளக்கின் மேற்பாதிக்கு மறைப்பாகப் பிடிப்பது எவருக்கும் புரியும் மரியாதை. மின்னும் முறையைக் கரைப் பாதையில் பாவிக்க வேண்டாம். விட்டுவிட்டு எரிகிற ஒரு புள்ளி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று நடப்பவரால் கணிக்க முடியாது, வீதி விளக்கில்லாத இடத்தில் முன்விளக்கு நிலையாக எரிவதையே விதிக்கோவையும் பரிந்துரைக்கிறது. தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கை வாங்கவே வேண்டாம்: நீர் எவரைப் பார்க்கிறீரோ அவருடைய கண்ணுக்குள்ளேயே அது போய் நிற்கும். பின்விளக்கையும் மறக்காமல் மட்டமாக வையும். மேல்நோக்கி இருந்தால் பின்னால் வருகிற சைக்கிள்காரரை அது படுத்தும் பாடு சொல்லி முடியாது.

புதிய விளக்கு வாங்கும் எண்ணம் இருந்தால், ஜேர்மனியின் வீதி விதிகளுக்கு அமையச் செய்யப்பட்டதைத் தேடி வாங்கும். அவற்றில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, கார் விளக்கில் போல, ஒரு கோட்டோடு வெட்டப்பட்டிருக்கும். தரை முழுக்கத் தெரியும், எதிரே வருகிறவரின் முகத்துக்குப் போகாது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் பகிர்பாதையில் தினமும் ஓடுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கை நான் அறியேன். எங்களில் யாருக்குத்தான் ஜேர்மனியில் ஒரு மாமாவோ சித்தியோ இல்லை; கேட்டால் அனுப்பி வைப்பார்கள்.

விளக்கைக் குறைத்தால் வேகம் போய்விடுமே என்று உமக்குத் தோன்றும். ஆம், போய்விடும், போகவும் வேண்டும். வெளிச்சம் விழும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் இருட்டில் ஓடக் கூடாது. ஆறு ஏழு மீற்றர் வெளிச்சத்துக்கு மணிக்குப் பன்னிரண்டு கிலோ மீற்றர் அளவுதான் பொருந்தும். வேலைக்குப் பிந்திவிட்ட நாளில் கரைப் பாதைக்கே இறங்காமல் றோட்டால் போம். அவசரக்காரருக்கு அந்தப் பாதை உகந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. கவனமற்று ஓடினால் ஆயிரம் பவுண் வரையும், ஆபத்தாக ஓடினால் இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அதற்குப் பயந்து மெதுவாக ஓடச் சொல்லவில்லை, அந்த முதியவருக்காகச் சொல்கிறேன்.

கரைப் பாதையில் நடப்பவர்கள் பெரும்பாலும் அன்றாடம் வரும் அதே ஆட்கள். அந்த முதியவரை நீர் மறுபடியும் காண்பீர். கண்டால் வேகத்தைக் குறைத்து, விளக்கை மறைத்துப் பிடித்து, ‘குட் ஈவினிங்’ என்று சொல்லிப் பாரும். முதல் நாள் பதில் வராவிட்டாலும் இரண்டாம் மூன்றாம் நாள் வரும்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். ஊரில் வருடம் முழுக்க ஆறு மணியை அண்டியே இருட்டும். இங்கே டிசம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், நீர் போகும்போதும் வரும்போதும் இருட்டாகவே இருக்கும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பதால் களஞ்சியத்திலேயே விளக்கை மின்னேற்றி எடுத்துக்கொள்ளும்; சிறிய விளக்கு ஒன்றையும் பையில் வைத்திரும்; சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போகும்போது இரண்டையும் கழற்றிக்கொண்டு போம், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இராது. வேலை முடிந்து பத்து மணிக்குப் பிறகு திரும்பும் நாட்களில் கரைப் பாதையை விட்டு, வீதி விளக்குள்ள றோட்டாலேயே அல்பேர்ட்டனுக்கு வாரும்.